குளத்து மீன்களும் இராக்கொக்கும்

எமது பின்வளவில் வாப்பா கட்டித் தந்த சீமெந்துத் தொட்டி 8 அடி நீளமும் 5 அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்டது. பாடசாலை விடுமுறையில் அதில் 22 தங்கமீன்களை விட்டேன். ஒரு வாரத்தில் 13 மட்டுமே எஞ்சின.

மாமரத்தில் இரவில் ஓர் ஆந்தை அலறுவது வழக்கம். ஆகவே பழி அதன்மேல் விழுந்தது. “அது கத்தினா வீட்டுக்கு ஆகாது மகள், வெரட்டுங்க” என்று மூத்தம்மா முன்பே சொல்லி வந்தவர். அறியாமைக் காலத்து அரபிகள் நம்பிய ‘ஹாமா’ எனும் சகுனத்தை நபி (ஸல்) அவர்கள் இல்லையென்று மறுத்தார்கள் என்பதையும், அது ஆந்தையைப் பற்றிய நம்பிக்கை என அறிஞர்கள் விளக்கியிருப்பதையும் வகுப்பில் படித்திருந்தேன். எனவே சகுனத்தைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் மீன் திருட்டுச் சந்தேகம் என்னையும் விடவில்லை.

மூன்று இரவுகள் குசினி ஜன்னலில் காத்திருந்தேன். மரத்திலிருந்தது இதய வடிவில் வெள்ளை முகமுடைய கூகை. அதன் உணவு பெரும்பாலும் எலி. மீன் பிடிக்கும் ஆந்தையும் இலங்கையில் உண்டு. அதன் கால்களில் இறகிராது, வழுக்கும் மீனைப் பற்ற உள்ளங்காலில் முட்போன்ற செதில்கள் இருக்கும். எமது கூகைக்கு அப்படி எதுவுமில்லை. வயல் சூழ்ந்த ஊரில் அதை விரட்டினால் எலிகளுக்குத்தான் கொண்டாட்டம்.

உண்மைக் கள்வன் மூன்றாம் நாள் ஸுபுஹுக்குச் சற்று முன் வந்தது. குறுகிய கழுத்து, கறுத்த தலையும் முதுகும், சாம்பல் நிறச் சிறகு, டோர்ச் வெளிச்சத்தில் சிவந்த கண்கள். இராக்கொக்கு! தொட்டி விளிம்பில் கல்லைப்போல் அசையாமல் நின்றது. பிறகு ஒரே கொத்து.

ஏன் அந்த நேரம்? இரவில் ஒளித்தொகுப்பு இல்லை. ஆனால் மீன்களும் நீர்த்தாவரங்களும் சுவாசித்துக்கொண்டே இருக்கும். அதனால் நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் விடியுமுன்னர்தான் மிகக் குறையும். மீன்கள் காற்றுக்காக மேற்பரப்புக்கு வந்து வாய் பிளக்கும். ஆழமற்ற, நெரிசலான தொட்டியில் நாமே மீனைக் கொக்கின் அலகருகே கொண்டுபோய் வைத்தது போலத்தான்.

இதை அறியுமுன் நான் ஒரு பிழை செய்தேன். பழைய மீன்வலையொன்றைத் தொட்டிமேல் தளர்வாக வீசிவிட்டேன். இரண்டாம் நாள் காலை அதே கொக்கு காலும் சிறகும் சிக்கித் துடித்துக்கொண்டிருந்தது. கொக்கு கண்ணைக் குறிவைத்துக் கொத்தும் என்பதால், வாப்பா துவாயால் தலையை மூடிப் பிடித்துக்கொண்டார். நான் கத்தரிக்கோலால் நூல்களை வெட்டினேன். சிறகில் இரத்தம். களப்புப் பக்கம் அது தாழப் பறந்துபோனதைக் கண்டபோதும் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மீனுக்காக அழுதவள் நான்தானே!

அதன்பின் மரச்சட்டம் அடித்து, தடித்த வெள்ளை நூல் வலையை முரசுத்தோல் போல இழுத்துக் கட்டினோம். நீருக்கு ஓரடி மேலே அது நிற்கிறது. தாழ்ந்திருந்தால் கொக்கு வலைமேல் நின்றே கொத்திவிடும். தொட்டியின் நடுவே மூன்றடிக்கு ஆழமாக்கி, 4 அங்குல பிவிசி குழாய்த் துண்டுகளையும் உடைந்த மண்சட்டிகளையும் ஒளியிடமாகப் போட்டோம். இரவில் ஒரு சிறு காற்றுப் பம்பி ஓடுகிறது. அல்லி வைத்திருக்கிறோம்; சல்வீனியாவை மட்டும் யாரும் போட்டுவிடாதீர்கள், அது நீர் முழுவதையும் மூடிவிடும். தொட்டிக்கு மேல் எரிந்த மின்குமிழையும் அணைத்துவிட்டோம். அதற்கு வரும் பூச்சிகளைத் தேடி மீன்கள் மேலே வரும்.

பொம்மைக் கொக்கு வைத்தால் போதும் என்றார் அயலவர் ஒருவர். சில நாளில் பறவைக்கு அது பழகிவிடும். நஞ்சு வைக்கச் சொன்னவர்களும் உண்டு. அது பாவம் என்பதோடு, 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றமுமாகும்.

மூன்று மாதமாக 13 மீன்களும் அப்படியே இருக்கின்றன. கொக்கு சில இரவுகளில் மதிலில் வந்து நின்று, பார்த்துவிட்டு, ‘க்வாக்’ என்று கத்தியபடி களப்புக்குப் போகிறது. கூகையை வெரட்டச் சொல்வதை மூத்தம்மா இன்னும் விட்டபாடில்லை.