பெடல் மிதிக்கும்போது ஒரு கால் மட்டும் கோணலா?

"வலது கால் நேராத்தான் இருக்கு. இடது கால் மட்டும் வெளிப்பக்கமா திரும்பிக்குது. அரை மணி நேரம் ஓட்டினா பாதம் மரத்துப் போகுது. என் கால்ல ஏதாவது கோளாறா?"

ஹேண்டில்பார் கீழ்நோக்கி வளைந்த ரோடு பைக் சைக்கிளை ஓட்டுகிறவர்கள் பலருக்கும் வருகிற சந்தேகம் இது. பயப்படாதீர்கள். பெரும்பாலும் குறை காலில் இல்லை. சைக்கிள் உங்கள் உடம்புக்குப் பொருந்தாததுதான் காரணம். அதற்காக அலட்சியமும் கூடாது. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 4,800 தடவை மடங்கி நீள்கிறது. சின்னக் கோணல்கூட மூட்டைப் பதம் பார்த்துவிடும்.

முதலில் சீட்!

பாதம் கோணலாக இருந்தாலும் சோதனையை சீட்டில்தான் ஆரம்பிக்க வேண்டும். சீட் அதிக உயரமாக இருந்தால் இரண்டு காலுக்கும் பெடல் எட்டாது. இடுப்பு நமக்கே தெரியாமல் ஒரு பக்கமாகச் சரியும். மறுபக்கத்துக் கால் எட்டி எட்டி மிதிக்கும், குதிகால் அலைபாயும்.

ஷூ போட்டு, சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்காருங்கள். கீழே வந்த பெடலில் குதிகாலை வையுங்கள். கால் அப்போதுதான் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் ஏறக்குறைய சரியான உயரம். சீட்டின் மூக்கு நேராக முன்னோக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டும்போது இடுப்பு ஆடுகிறதா என்று வீட்டில் யாரையாவது பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கிளீட்

ஷூவின் அடியில் திருகியிருக்கும், பெடலில் 'க்ளிக்' என்று மாட்டிக்கொள்ளும் துண்டுதான் கிளீட். இரண்டு ஷூவிலும் ஒரே கோணத்தில் வைக்கத்தான் பலரும் பார்க்கிறார்கள். ஆனால் நம் பாதங்கள் அப்படி இல்லையே! உயரமான மேஜை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு பாதமும் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அதுதான் அதன் இயல்பு. விரல்கள் வெளிப்பக்கம் பார்த்தால், கிளீட்டின் முனையைக் கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் திருப்புங்கள். பாதம் விரும்பிய கோணம் கிடைத்துவிடும்.

குதிகால் சற்றே அசைய இடம் தருகிற கிளீட்டும் நல்லது. ஷிமானோவின் ரோடு கிளீட்களில் மஞ்சள் 6 டிகிரி அசையும். நீலம் 2 டிகிரி. சிவப்பு அசையவே அசையாது. வலி இருப்பவர்களுக்கு மஞ்சள் பாதுகாப்பு.

மரத்துப் போனால்?

ஷூ இறுக்கமா என்று பாருங்கள். வெயிலில் ஓட்டும்போது பாதம் வீங்கும், பட்டையைத் தளர்த்துங்கள். அப்படியும் தீராவிட்டால் கிளீட்டைக் குதிகால் பக்கமாக 2, 3 மில்லிமீட்டர் நகர்த்துங்கள். முன்பாதத்து நரம்புகளின் மேல் அழுத்தம் குறையும்.

அவசரம் வேண்டாம்

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். பழைய இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். பிறகு இரண்டு மூன்று முறை கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம். பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம்.

கால்களின் நீளத்தில் சிறு வித்தியாசம் பலருக்கு உண்டு. "ஒரு கால் குட்டை போலிருக்கு" என்று நீங்களாகவே கிளீட்டுக்கு அடியில் தகடு வைக்காதீர்கள். எலும்பு டாக்டரிடமோ பிஸியோதெரபிஸ்டிடமோ அளந்து பார்த்த பிறகே வைக்கலாம்.

மூட்டு வீங்கினாலும், சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் மரமரப்பு போகாவிட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதம் மரத்துப்போவதற்கு சைக்கிள்தான் காரணம் என்று விட்டுவிடவே கூடாது.

மற்றபடி, இரண்டு பாதமும் ஒரே மாதிரி தெரிந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. வலியில்லாமல் மிதிக்க முடிகிறதா? அது போதும்!