எட்டு வினாடி

நம்மில் அநேகர் இப்போது விமானத்தில் போய்வருகிறோம். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பிள்ளைகள் இருப்பதால், வயதான தாய் தகப்பன்மார்கூட துணிந்து ஏறிவிடுகிறார்கள். உட்கார்ந்ததும் பெல்ட் போடச் சொல்கிறார்கள், போடுகிறோம். மேலே போய் விளக்கு அணைந்ததும் 'டக்'கென்று கழற்றிவிடுகிறோம். "இனி என்ன, பஸ்ஸைவிட ஆடாமல்தானே போகுது!" இந்த எண்ணத்தைக் குறித்ததே இந்தப் பாடம்.

2024 மே 21. லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், எண் 321. பெரிய போயிங் 777. பயணிகள் 211 பேர், ஊழியர் 18 பேர். ஏறக்குறைய பத்து மணி நேரம் பறந்தாயிற்று. கீழே மியான்மர் தேசத்து ஐராவதி ஆற்றுப் பகுதி. உயரம் 37,000 அடி. காலை ஆகாரம் பரிமாறுகிற நேரம்.

அந்தப் பகுதியில் மழைமேகங்கள் எழும்பி வளர்ந்துகொண்டிருந்தன. அப்படிப்பட்ட இடத்தில் காற்று தூண்போல மேலே பீறிடும். முதலில் விமானம் லேசாக அதிர்ந்தது, தானாகவே மேலே ஏறிற்று. பெல்ட் விளக்கைப் போட்டாயிற்று என்று விமானி சொன்னது பதிவாகியிருக்கிறது. அதிலிருந்து எட்டே வினாடி! பெரிய அடி விழுந்தது.

எட்டு வினாடியில் என்ன செய்ய முடியும்? பெல்ட்டின் இரண்டு நுனியையும் தேடி எடுக்கவே அது போதாது. ஒரு நுனி எப்போதும் நமக்கு அடியில்தானே கிடக்கிறது! கழிப்பறையில் இருப்பவர் என்ன செய்வார்?

இதைக் கவனியுங்கள். பூமி நம்மை இழுக்கிற அளவை 1 ஜி என்கிறார்கள். அன்று 0.6 வினாடிக்குள் அது 1.35 ஜி-யிலிருந்து கழித்தல் 1.5 ஜி-க்கு மாறிவிட்டது. அதாவது, 60 கிலோ எடையுள்ள ஒருவரை 90 கிலோ பலத்தோடு கூரைப்பக்கம் தள்ளினதுபோல. உண்மையில் விமானம் நம்மைவிட வேகமாகக் கீழே போகிறது. பெல்ட் போட்டவரை இருக்கை தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். போடாதவர் அந்தரத்தில் நிற்பார். கூரை அவர் தலைமேல் இறங்கிவரும். அடுத்த நான்கு வினாடியில் எல்லாம் தலைகீழாக மாறி, மேலே போனவர்கள் தரையிலும் கைப்பிடிகளிலும் விழுந்தார்கள். தலையிலும் முதுகெலும்பிலும் பலருக்குப் பலத்த காயம். 73 வயதான பயணி ஒருவர் மரித்தார், மாரடைப்பாயிருக்கலாம் என்றார்கள்.

"ஆறாயிரம் அடி விழுந்துச்சாமே!" என்று அப்போது எங்கும் பேச்சு. அப்படியல்ல. விசாரணை அதிகாரிகள் பதிவுக் கருவியைப் பார்த்துச் சொன்ன கணக்கு 178 அடி, 4.6 வினாடி. அவ்வளவுதான். ஆறாயிரம் அடி இறங்கினது பிற்பாடு, பாங்காக்குக்குத் திரும்பும்போது விமானிகள் தாங்களே நிதானமாக இறக்கினது.

இறக்கை ஒடிந்துவிடுமோ என்று சிலர் நடுங்குகிறார்கள். 1995-ல் இந்த 777 வகையின் இறக்கையை, ஒடிகிறவரைக்கும் மேலே வளைத்துச் சோதித்தார்கள். நுனி ஏறக்குறைய 24 அடி வளைந்த பிறகே ஒடிந்தது. பறக்கையில் அதிகபட்சமாக வரக்கூடும் என்று கணக்கிட்ட பாரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அது தாங்கிற்று. ஆகவே பயப்படவேண்டியது இறக்கையைப் பற்றியல்ல, இடுப்பைப் பற்றி.

விமானியின் ராடார் மழைத்துளியைத்தான் காணும், வெறும் காற்றைக் காணாது. ஆகையால் விளக்கு அணைந்திருந்தாலும், உட்கார்ந்திருக்கும்வரை பெல்ட் பூட்டியே இருக்கட்டும். சற்றுத் தளர்வாக இருந்தால் தோஷமில்லை. வயிற்றின்மேல் அல்ல, இடுப்பெலும்போடு கீழே படியவேண்டும். தூங்கும்போது போர்வைக்கு மேலே போடுங்கள். பணிப்பெண் வந்து தட்டி எழுப்பமாட்டார். முதல்தடவை போகிற பாட்டிமாருக்கு வழியனுப்புகிற பிள்ளைகளே பூட்டவும் கழற்றவும் காட்டிக்கொடுங்கள். அது கார் பெல்ட் மாதிரி இல்லை, மூடியைத் தூக்கினால்தான் கழலும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, விளக்கு எரியும்போது சூடான பானம் மட்டுமல்ல, சாப்பாடும் கொடுப்பதில்லை என்று அந்த ஏர்லைன்ஸ் தீர்மானித்தது. காபி வரவில்லையே என்று அந்த நேரத்தில் பணிப்பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதிருங்கள்.