டிக்கெட்டில் உள்ள பிழை யாருக்குச் சாதகம்?

அன்பு மருமகனுக்கு,

நீர் படம் பிடித்து அனுப்பிய டிக்கெட் கிடைத்தது. கடும் நீலக் காரைப் பொலிஸ்காரர் கறுப்பு என்று எழுதியிருக்கிறார். குடும்பப் பெயரில் ஓரெழுத்தை விழுங்கிவிட்டார். இந்த இரண்டையும் கோட்டில் தூக்கிக் காட்டினால் வழக்கு விழுந்துவிடும் என்று கூட்டாளிமார் சொல்லியிருப்பார்கள். ஸ்காபரோவில் தேத்தண்ணிக் கடைக்கு ஒரு சட்ட நிபுணர் இருக்கிறார். பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தால் டிக்கெட் செல்லாது என்றிருந்தால், ஒன்ராறியோவில் எந்தத் தமிழனும் இன்றுவரை தண்டம் கட்டியிருக்க மாட்டான்.

ஓடியவர் யார், எந்த நாள், என்ன குற்றம் என்பதில் குழப்பமில்லாதவரை, எழுத்துப் பிழையையும் நிறப் பிழையையும் அங்கேயே திருத்திக்கொள்ள மாகாணக் குற்றங்கள் சட்டம் நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. சாரதி எழும்பிப் பிழையைச் சொல்வார், சமாதான நீதவான் கேட்பார், தாளில் திருத்தம் விழும், வழக்கு தொடரும். ஐந்து நிமிடக் காரியம்.

தேத்தண்ணிக் கடை நிபுணர்கள் முழுப் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்கிறார்கள். லண்டன் என்ற ஒன்ராறியோ நகரத்து வழக்கு ஒன்றில், 2008 இல், மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த டிக்கெட்டில் தண்டத் தொகை பிழையாக எழுதப்பட்டிருந்தது. சாரதி விசாரணைக்கு வரவில்லை. சாரதி வராதபோது நீதிமன்றம் தாளின் முகத்தை மட்டுமே பார்க்க வேண்டும், அது முழுமையாகவும் ஒழுங்காகவும் இல்லாவிட்டால் இரத்துச் செய்ய வேண்டும் என்றது தீர்ப்பு. அதே சாரதி கோட்டுக்கு வந்திருந்தால் பிழை திருத்தப்பட்டிருக்கலாம். வராதவருக்குக் கிடைக்கும் சலுகை வந்தவருக்கு இல்லை! கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் “பிழை இருந்தால் பேசாமல் இரு” என்ற ஊர்க்கதைக்கு ஆதாரம் இதுதான்.

அப்படிப் பேசாமல் இருப்பது சூதாட்டம். கையில் இருப்பது பிரதி; கோட்டில் பதிவாவது பொலிஸ்காரர் ஏழு நாளுக்குள் கொடுக்கும் மூலச் சான்றிதழ். அதில் அந்தப் பிழை இருக்கிறதா என்று வீட்டில் இருந்து சொல்ல முடியாது. கோட்டில் தாளைப் பார்க்கிறவர் பிழையைக் கவனிக்காமல் விட்டால் குற்றத்தீர்ப்பு பதிவாகிவிடும். பிறகு மேல்முறையீடுதான். அதற்கு 30 நாள் தவணை. வழமையாகத் தண்டத்தைக் கட்டிவிட்டுத்தான் போகவும் வேண்டும். “எனக்குத் தெரியாமல் போனது” என்று வழக்கைத் திரும்பத் திறக்கக் கேட்கலாம், ஆனால் வேண்டுமென்றே வராதவருக்கு அந்தக் கதவு இல்லை. இத்தனையும் நிறப் பிழையை நம்பிச் செய்கிற காரியமா?

இனி உம்முடைய டிக்கெட்டை வடிவாகப் பாரும். மணிக்கு 60 கிலோமீற்றர் எல்லையுள்ள வீதியில் 75 இல் ஓடியதாக இருக்கிறது. வீதியோரத்தில் பொலிஸ்காரர் சொன்னது 84 என்று நீரே எழுதியிருக்கிறீர். அந்தத் தாளில் இருக்கும் மிகப் பெரிய “பிழை” அந்த 75 தான், அது உமக்குச் சாதகமான பிழை. பொலிஸ்காரர்கள் வீதியிலேயே வேகத்தைக் குறைத்து எழுதிக் கொடுப்பது இங்கே சாதாரணம். ஆனால் அவர் குறிப்புப் புத்தகத்தில் 84 தான் இருக்கும். யோர்க் பிராந்திய வழக்கொன்றில் 2009 இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், விசாரணைக்குப் போகிறவருக்கு எதிராக உண்மையான வேகத்துக்கு டிக்கெட்டை உயர்த்தித் திருத்தும்படி வழக்குத்தொடுநர் கேட்கலாம் என்றது.

கணக்கு இப்படி வரும். 15 கிலோமீற்றர் கூடுதலுக்கு, பேசாமல் கட்டினால், கிலோமீற்றருக்கு 2.50 டொலர் வீதம் 37.50, மேல்வரியும் செலவும் தனி. டிமெரிட் புள்ளி எதுவும் இல்லை. விசாரணையில் 84 என்று நிரூபணமானால் 24 கிலோமீற்றர் கூடுதல், கிலோமீற்றருக்கு 4.50 வீதம் 108 டொலர், அத்தோடு மூன்று புள்ளி. காரின் நிறத்துக்காக இந்த விலையா?

அதற்காக உடனே கட்டிவிடவும் வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பனி பார்ப்பது புள்ளியை அல்ல, குற்றத்தீர்ப்பை. அது சாரதிப் பதிவில் மூன்று வருடம் நிற்கும். ஆகவே போராட இடம் இருக்கிறதா என்று பார்ப்பது நியாயம். அந்த இடம் தாளில் இல்லை, அளந்த விதத்தில் இருக்கிறது. கருவி ரேடாரா லேசரா? லேசர் கதிர் ஒடுங்கியது, ஒரு காரைக் குறிவைக்கும். ரேடார் கதிர் விரிந்து போகும். பக்கத்தில் பெரிய லொறி ஓடியிருந்தால் எதன் வேகம் பதிவானது என்ற கேள்வி எழலாம். வேலைக்கு முன்னும் பின்னும் கருவியை உற்பத்தியாளரின் கையேட்டுப்படி சோதித்தாரா? அந்த நேரங்கள் குறிப்பில் உண்டா? விசாரணை கேட்கிறவர் இந்தக் குறிப்புகளின் பிரதியை வழக்குத்தொடுநரிடம் எழுத்தில் கேட்டு வாங்கலாம். டிஸ்குளோஷர் என்பது அதுதான், இலவசம். “வேகமானி பிழை, எனக்குத் தெரியாது” என்ற கதை மட்டும் எடுபடாது. ஒன்ராறியோவில் வேகக் குற்றத்துக்கு ஓடியவரின் எண்ணம் கணக்கில் இல்லை.

பொலிஸ்காரர் வராவிட்டால் விழுந்துவிடும் என்பதும் பாதிக் கதை, தவணை போடலாம். வழக்கு 18 மாதத்துக்கு மேல் இழுபட்டால், 2016 இல் கனடா உச்ச நீதிமன்றம் போட்ட எல்லையைக் காட்டி விண்ணப்பிக்கலாம். தானாக ஒன்றும் நடக்காது.

15 நாளுக்குள் பதில் போக வேண்டும். வழக்குத்தொடுநரைச் சந்திக்கும் தெரிவை எடுக்கலாம், ஆனால் அந்த நாளில் போகாவிட்டால் அதுவே குற்றத்தீர்ப்பு. அங்கே உடன்படாவிட்டால் விசாரணைக்குப் போகும் உரிமை இருக்கிறது. லொறி எதுவும் பக்கத்தில் இல்லை, அளந்த விதமும் ஒழுங்கு என்று தெரிந்தால், 75 ஐ ஏற்றுக்கொண்டு வாரும். லொறி இருந்தது உறுதி என்றால் விசாரணை கேளும். பக்கத்தில் இருந்த உம்முடைய அம்மா சாட்சி சொல்ல வருவதானால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே அறிவியும். கோட் அதற்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் அவ என்ன சொல்லப் போகிறா என்று முதலில் வீட்டில் கேட்டு வையும்.

அன்புடன்,
மாமா