லைப்சிக் ரயில் நிலையம்: பெரிய கட்டடமா, நல்ல இணைப்பா?



ரயில்வே எஞ்சினியரிங் பாடத்தில் ‘டெர்மினஸ்’ என்றால் என்ன என்று கேட்டால் இரண்டு மார்க்குக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். தண்டவாளம் முடிகிற நிலையம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு நகரத்தின் நூறு வருடத் தலைவலி இருக்கிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகர மத்திய ரயில் நிலையம் இதற்கு நல்ல உதாரணம்.

இரண்டு வாசல் ஏன்?

ஜெர்மனியின் முதல் நெடுந்தூர ரயில் பாதை 1839-ல் லைப்சிக்கையும் டிரெஸ்டனையும் இணைத்தது. பிறகு ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு நிலையம் கட்டிக்கொண்டது. ஊருக்குள் வந்து வண்டி மாறுவதே பெரும்பாடு. எல்லாவற்றையும் ஒன்றாக்க 1909-ல் அடிக்கல் நாட்டி, 1915 டிசம்பரில் புதிய நிலையத்தை முழுமையாகத் திறந்தார்கள். வடிவமைத்தவர்கள் வில்லியம் லோசோ, மாக்ஸ் ஹான்ஸ் கூனே என்ற கட்டடக் கலைஞர்கள்.

முகப்பின் நீளம் 298 மீட்டர்! திறந்தபோது பிளாட்பாரம் 26. நுழைவு மண்டபம் மட்டும் இரண்டு, அச்சாக ஒரே மாதிரி. அழகுக்கு என்று நினைக்காதீர்கள். மேற்குப் பாதி பிரஷ்ய ரயில்வேக்கு, கிழக்குப் பாதி சாக்சனி ரயில்வேக்கு. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடித்தனம்! 1944 ஜூலையில் குண்டுவீச்சில் பலத்த சேதமடைந்து, போருக்குப் பின் மீண்டும் கட்டப்பட்டது. தரைப்பரப்பில் ஐரோப்பாவின் மிகப் பெரிய ரயில் நிலையம் என்று இன்றும் இதைச் சொல்கிறார்கள்.

குறை எங்கே?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். டெர்மினஸில் வண்டி உள்ளே வந்து, டிரைவர் மறுமுனைக்குப் போய், பிரேக் சோதித்து, வந்த வழியே திரும்பி வெளியேற வேண்டும். இதற்கு 20 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிளாட்பாரத்தில் மணிக்கு 3 வண்டிதான். நேராகப் போகிற நிலையமாக இருந்து 5 நிமிடத்தில் இடம் காலியானால்? மணிக்கு 12 வண்டி! அதாவது அங்கே ஒரு பிளாட்பாரம் இங்கே நான்குக்குச் சமம். போதாததற்கு, வருகிற வண்டியும் போகிற வண்டியும் நிலையத்தின் வாயிலில் ஒன்றின் பாதையை ஒன்று குறுக்கே வெட்டும். ஒன்று போகும்வரை மற்றது சிக்னலில் நிற்க வேண்டியதுதான்.

லைப்சிக்கில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. மத்திய நிலையம் ஊரின் வடக்கில். 1842-ல் திறந்த பவேரிய நிலையம் தெற்கில். அதுவும் டெர்மினஸ்! இரண்டுக்கும் நடுவே பழைய நகரம். தெற்கிலிருந்து வரும் வண்டி ஊரைக் கிழக்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வரவேண்டும்.

பூமிக்கடியில் விடை

இரண்டையும் சுரங்கத்தால் இணைக்கலாம் என்பது புது யோசனை இல்லை. நிலையம் கட்டும்போதே அடியில் கொஞ்ச தூரம் தோண்டியும் விட்டார்கள். 1914-ல் உலகப்போர் வந்தது, வேலை நின்றது. பிறகு ஏறக்குறைய 90 வருடம் காத்திருப்பு.

இந்த நூற்றாண்டில் மறுபடி ஆரம்பித்தபோது சவால் வேறு மாதிரி இருந்தது. மேலே பழமையான கட்டடங்கள், கீழே நிலத்தடி நீர். சுமார் 9 மீட்டர் விட்டமுள்ள எந்திரத்தால் 2007, 2008-ல் இரண்டு குழாய்ச் சுரங்கங்களைக் குடைந்தார்கள். தண்ணீர் உள்ளே வராமலிருக்க சில இடங்களில் மண்ணையே உறைய வைத்தார்கள். கட்டடங்கள் அமுங்காமலிருக்க அஸ்திவாரத்துக்கு அடியில் சிமென்ட் கலவையை அழுத்தி ஏற்றினார்கள். பவேரிய நிலையத்தின் கல் முகப்பு வழியில் நின்றது. இடிக்கவில்லை நண்பர்களே! 2006-ல் அதை அப்படியே சுமார் 30 மீட்டர் நகர்த்தி வைத்து, அடிவேலை முடிந்ததும் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

செலவையும் மறைக்கக் கூடாது. சுமார் 57 கோடி யூரோ என்று போட்ட மதிப்பீடு 96 கோடியைத் தொட்டது. 2009-ல் முடியும் என்றது 2013 டிசம்பரில்தான் முடிந்தது. எஸ்டிமேட் தாளில் ஓர் எண்ணை எழுதும்போது நாமும் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய இணைப்பு

இப்போது நிலையத்துக்குக் கீழே இரண்டே பிளாட்பாரம். அதில் நகர்ப்புற ரயில்கள் வடக்கே ஹாலே, விமான நிலையப் பக்கமிருந்து வந்து, ஊருக்கு அடியில் புகுந்து, தெற்கே நேராகப் போகின்றன. யாரும் ஊரைச் சுற்ற வேண்டியதில்லை. மேலே வாசலுக்கு எதிரிலேயே டிராம் நிறுத்தம். நகரத்து டிராம் தடங்களில் பெரும்பாலானவை இங்கே வந்து போகும். ரயில், டிராம், பஸ் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் முறை. ஒரு வேடிக்கை: ரயில் தண்டவாள இடைவெளி 1435 மில்லிமீட்டர், லைப்சிக் டிராமுக்கோ 1458. வெறும் 23 மில்லிமீட்டர் வித்தியாசம்!

ஆனால் மேலே உள்ள முட்டுச்சந்து அப்படியேதான் இருக்கிறது. பெர்லின்–மியூனிக் அதிவேக ரயில் லைப்சிக்குக்கு வந்தால் திசை மாறித்தான் கிளம்ப வேண்டும். 2017-ல் புதிய அதிவேகப் பாதை முழுமையடைந்தபோது, மிக வேகமான வண்டிகளை லைப்சிக்குக்குள் விடாமல் பக்கத்து ஹாலே வழியாகவே ஓட்டினார்கள். அது நேராகப் போகிற நிலையம், காரணம் அவ்வளவுதான். 298 மீட்டர் முகப்பு இருந்தும் என்ன பயன், சொல்லுங்கள்!

நாளைக்கு நம்மில் யாரோ ஒருவர் சர்வே செயினோடு ஒரு நிலையத்துக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ இடம் அளக்கப் போகலாம். அப்போது ‘எவ்வளவு பெரிதாகக் கட்டலாம்’ என்று கேட்பதற்கு முன்னால், ‘இங்கே வருகிறவர் அடுத்து எங்கே போவார், எப்படிப் போவார்’ என்று கேளுங்கள். லைப்சிக் அந்தப் பதிலுக்கு நூறு வருடம் காத்திருந்தது. நாம் முதல் நாளே கேட்டுவிடலாமே!