கசிந்த விவரங்களும் கோரத்தக்க நட்டஈடும்

கேள்வி: நிறுவனமொன்றின் கணினிக்குள் யாரோ புகுந்து வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம், முகவரி, கணக்கு விவரம் ஆகியவற்றை எடுத்துவிட்டனர். பணம் எதுவும் போகவில்லை. நட்டஈடு கேட்டு வழக்கிடலாமா?
– வாசகி, மடத்துவெளி, புங்குடுதீவு

பதில்: வழக்கிடலாம், ஆனால் இழப்பைக் காட்டாமல் வெல்வது கடினம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை, சொத்து, சீதனம், முதுசொம் ஆகியவற்றையே ஆள்வதால், இவ்விடயம் இலங்கையின் பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதில் கவனக்குறைவால் நேர்ந்த தீங்குக்குரிய அக்குவிலிய வழக்கு, பணத்தால் அளவிடத்தக்க இழப்பைக் காட்டுவோருக்கே பயன் தரும். மானத்துக்கு நேர்ந்த இழுக்குக்குரிய மற்றை வழக்கோ தீங்கு செய்யும் எண்ணத்தை நிரூபிக்கக் கோருவதால், காவலில் அசட்டையாக இருந்த நிறுவனத்தின்மீது எளிதில் பொருந்தாது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், கசிவைத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கும் கடமையை நிறுவனங்கள்மீது சுமத்தி, ஒரு கோடி ரூபாய் வரையான தண்டப்பணத்துக்கும் இடமளிக்கிறது. தண்டப்பணம் வேறு, நட்டஈடு வேறு. முன்னையது பாதிக்கப்பட்டவரின் கைக்கு வரும் தொகையன்று. மேலும், 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவிருந்த அச்சட்டத்தின் முக்கிய பாகங்கள் பிற்போடப்பட்டு, அவ்வாண்டிலேயே அது திருத்தவும்பட்டதால், கசிவு நிகழ்ந்த நாளில் எந்தப் பிரிவு நடைமுறையில் இருந்தது என்பதை வர்த்தமானியில் பார்த்த பின்னரே அதனைச் சுட்டிக் கடிதம் எழுத வேண்டும்.

கடிதம் என்பதே இங்கு முதன்மையானது. தீவகத்திலிருந்து யாழ்ப்பாணம் சென்று, கிளை முகாமையாளரிடம் வாய்மொழியாக முறையிட்டு, அவர் கூறிய ஆறுதலோடு திரும்பிவிடுவோர் தம் உரிமையைத் தாமே கைவிடுகின்றனர். திருடப்பட்ட விவரம் பல மாதங்களுக்குப் பின்னரே மோசடிக்குப் பயன்படக்கூடும். அப்போது கசிவுக்கும் இழப்புக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்கும் பாரம் வழக்காளிமீதே விழும். எனவே கசிவு எந்நாளில் நிகழ்ந்தது, எவ்விவரங்கள் போயின, நிறுவனம் அதனை எப்போது அறிந்தது, பின்னர் என்ன செய்தது என்று கேட்டுப் பதிவுத்தபாலில் உடனே எழுத வேண்டும். தபால் பற்றுச்சீட்டு, வந்த குறுஞ்செய்திகள், புதிய அட்டைக்கான கட்டணம், பயணச்செலவு, இழந்த நாட்கூலி ஆகியவற்றுக்கான சான்றுகளைச் சேர்த்து வைத்தல் வேண்டும். இலங்கை வங்கி, மக்கள் வங்கி போன்ற அரச நிறுவனமாயின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். தீங்குக்கான வழக்கின் கால எல்லை இரண்டு ஆண்டுகள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் வாழும் முதியோரிடம் இத்தகைய கடிதம் எழுதும் வலு இருப்பதில்லை. அயலில் உள்ள படித்த இளையோர் அதனைத் தம் கடமையாகக் கொள்ள வேண்டும்.

கேள்வி: வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறியவரிடம் ஒருமுறைக் கடவுச்சொல்லைத் தாயார் சொல்லிவிட்டார். பணம் போய்விட்டது. வங்கி பொறுப்பா?
– இறுப்பிட்டி

பதில்: கடவுச்சொல்லைச் சொன்னதே வங்கியின் முதல் எதிர்வாதமாகும், எவர் கேட்டாலும் சொல்லலாகாது. எனினும் அழைத்தவர் கணக்கு விவரங்களை முன்பே அறிந்திருந்தாராயின், அவை எங்கிருந்து கசிந்தன என்பது விசாரிக்கப்பட வேண்டிய வினா. கணக்கை உடனே முடக்கி, வங்கிக்கு எழுத்தில் முறையிட்டு, தீர்வு கிட்டாவிடில் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை (தொலைபேசி 1935) நாட வேண்டும். 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் ஊர்காவற்றுறைப் பொலிஸிலும் முறைப்பாடு பதிய வேண்டும்.

கேள்வி: லைஃப்லாப்ஸ் ஆய்வுகூடக் கசிவுக்கு இப்போது விண்ணப்பிக்கலாமா?
– ஸ்கார்பரோ, கனடா

பதில்: இயலாது; விண்ணப்பக் காலம் 2024 ஏப்ரல் 6உடன் முடிந்தது. அக்கசிவு தொடர்பான கூட்டு வழக்கில் இணங்கப்பட்ட 98 இலட்சம் டொலர் வரையான தொகையில், ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கோரியதால், ஒருவருக்கு 7.86 டொலரே கிடைத்தது. கூட்டு வழக்கில் தலைக்குரிய பங்கு பெரும்பாலும் சிறிதே.

கேள்வி: 2024 ஒக்டோபரில் ‘ஃப்ரீ’ தொலைத்தொடர்பு நிறுவனத்தில் நிகழ்ந்த கசிவில் வங்கிக் கணக்கிலக்கமும் போனது. பணம் குறையவில்லை, அச்சம் மட்டுமே உள்ளது. அதற்கு மதிப்புண்டா?
– லா கூர்நெவ், பிரான்ஸ்

பதில்: உண்டு. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 82ஆம் உறுப்புரை மனத்துயருக்கும் நட்டஈடு கோர இடமளிக்கிறது. தரவு தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்ற அச்சமே தீங்காக அமையலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 டிசம்பர் 14இல் தீர்ப்பளித்தது. ஆயினும் அவ்வச்சம் நியாயமானது என்பதைக் கோருபவர் நிறுவ வேண்டும். இதற்கிடையில் கணக்குக் கூற்றை மாதந்தோறும் பார்க்க வேண்டும். ஒப்புதலின்றி நேரடியாகக் கழிக்கப்பட்ட தொகையை 13 மாதங்களுக்குள் வங்கியிடம் மறுத்து மீளப் பெறலாம்.