குனிந்தால் இழுக்கும் தொடை: நீவுவதா, நீட்டுவதா?

வாசலில் கோலம் போடக் குனிந்தால் தொடையின் பின்புறம் ‘சுரீர்’ என்று இழுக்கிறதா? அலுவலக நாற்காலியில் எட்டு மணி நேரம், ரயிலில் இரண்டு மணி நேரம் என்று உட்கார்ந்தே இருக்கும் நம்மில் பலருக்கு உள்ள தொல்லைதான் இது.

பின்தொடையில் மூன்று தசைகள் உள்ளன. இவை நாம் உட்காரும்போது தரையில் பதியும் எலும்பில் தொடங்கி, முழங்காலைத் தாண்டிக் கீழ்க்கால் எலும்பில் முடிகின்றன. எனவே, முழங்காலை மடக்காமல் இடுப்பில் குனியும்போதுதான் இவை நன்றாக நீளும்.

எண்ணெய் தேய்த்து நீவினால் கால் உடனே இளகுகிறது. வலியும் இறுக்கமும் குறைந்தது போல் இருக்கும். ஆனால் ஒருமுறை நீவியதன் பலன் சற்று நேரத்தில் குறைந்துவிடும். தொடர்ந்து பல வாரம் நீவினால் பலன் உண்டு. அதற்கு இன்னொருவர் தயவு வேண்டும்.

நீட்சிப் பயிற்சியை நாமே செய்துகொள்ளலாம். எவ்வளவு நேரம்? 1994-இல் அமெரிக்காவில் பாண்டி, ஐரியன் என்ற இரு ஆய்வாளர்கள் 57 பேரைச் சோதித்தார்கள். வாரம் 5 நாட்கள், 6 வாரங்கள். 15 விநாடி நீட்டியவர்களைவிட 30 விநாடி நீட்டியவர்களுக்குத் தசை அதிகம் இளகியது. 60 விநாடி நீட்டியவர்கள் அதற்கு மேல் எதுவும் பெறவில்லை. ஆகவே அரை நிமிடம் போதும்!

செய்முறை இதோ:

1. ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்குங்கள்.

2. மல்லாந்து படுத்து, ஒரு பாதத்தில் துண்டை மாட்டி இரு கைகளாலும் பிடியுங்கள். மற்றக் காலை மடக்கி வைக்கலாம்.

3. முழங்காலை நேராக வைத்து, லேசாக இழுக்கும் வரை காலை உயர்த்துங்கள். வலிக்கும் வரை வேண்டாம்.

4. சீராக மூச்சு விட்டபடி 30 விநாடி நிறுத்துங்கள். காலை வெட்டி வெட்டி இழுக்காதீர்கள். பிறகு மறுகால்.

இன்றே கால் நீட்டி உட்கார்ந்து, விரல் நுனி எதுவரை எட்டுகிறது என்று காலண்டரில் குறித்துவையுங்கள். ஆறு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: வலி பாதம் வரை பாய்ந்தாலோ, கால் மரத்துப் போனாலோ அது நரம்புக் கோளாறாக இருக்கலாம். திடீரென்று தசை கிழிந்தது போல் வலித்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும் நீவவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட்டுவிட வேண்டியதில்லை. அதோடு தினமும் ஒவ்வொரு காலுக்கும் அரை நிமிடம் ஒதுக்குங்கள். கோலம் தானாக எட்டும்.