கணினி திறக்க மறுத்தால் கணக்குப் போய்விட்டதா?

நமது வியாபாரத் தலங்களில் கணக்குக் கொப்பியின் இடத்தை இன்று கணினி பிடித்துக் கொண்டுள்ளது. யாரிடம் எவ்வளவு கடன் நிற்கிறது, எந்தச் சரக்கு எவ்வளவு மீதி, எந்தத் திகதிக்கு யாருக்குச் செக் கொடுத்தோம் என்பதெல்லாம் அதனுள்தான். அது ஒரு நாள் காலையில் திறக்க மறுத்தால், 'எல்லாம் போய்விட்டது' என்றே பலரும் பதறுகின்றனர். நான் பார்த்த வரையில், பல தடவை பழுதடைந்திருந்தது கணக்கல்ல. கணக்கு எங்கே இருக்கிறது, எப்படித் திறக்க வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் சிறு குறிப்பு மட்டுமே. கொன்பிகரேஷன் ஃபைல் என்று கணினிக்காரர் சொல்வது இதைத்தான். நாம் அமைப்புக் கோப்பு என்போம். திறப்பு தொலைந்ததற்காகக் களஞ்சியசாலையை இடிப்பவர் உண்டா?

இது சிறு கடைகளுக்கு மட்டும் வரும் சோதனையல்ல. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஓர் அமைப்புக் கோப்பினால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமான நிலையங்களும் வங்கிகளும் வைத்தியசாலைகளும் திண்டாடின. கோப்பு 21 விடயங்களை எதிர்பார்த்தது. மென்பொருள் கொடுத்ததோ 20 மட்டுமே. பிழை அவ்வளவுதான். 78 நிமிடங்களில் அந்நிறுவனம் கோப்பை மீளப் பெற்றது. ஆனால் அதற்குள் முடங்கிய பல கணினிகளை ஊழியர்கள் ஒவ்வொன்றாகச் சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. கணினிகளில் இருந்த தகவல்களை அழிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எனக்குத் தெரிந்த மொத்த வியாபாரக் கடையொன்றில், வேகத்தைக் கூட்டுவதற்காக ஓர் ஊழியர் மை-எஸ்கியூஎல் தரவுத்தளத்தின் அமைப்புக் கோப்பைப் பழைய நோட்பேடில் திறந்து, யூடிஎஃப்-8 முறையில் சேமித்து விட்டார். அப்படிச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் சேர்ந்து விடும். தரவுத்தளம் இயங்க மறுத்தது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட முடிவெடுத்திருந்தார்கள். கடைசிப் பெக்கப்போ மூன்று மாதம் பழையது. அழித்திருந்தால் மூன்று மாதக் கடன் கணக்கும் போயிருக்கும். பிழைப் பதிவேட்டைத் திறந்தபோது, கோப்பின் முதல் வரியிலேயே கோளாறு என்று அதில் எழுதியிருந்தது. கோப்பைச் சரியான முறையில் மீண்டும் சேமித்ததும் கணக்கு முழுமையாகத் திறந்தது.

இப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியவை:

முதலாவது, எதையும் அழிக்காதீர்கள், புதிதாக இன்ஸ்டோல் செய்யாதீர்கள். தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு, தரவுக் கோப்புறை முழுவதையும் வேறொரு டிரைவில் பிரதி எடுங்கள்.

இரண்டாவது, கடைசியாக எது மாற்றப்பட்டது, யார் மாற்றியது என்று விசாரியுங்கள். கோபிக்காமல் கேளுங்கள். பயந்த ஊழியர் உண்மையை மறைத்தால் நட்டம் உங்களுக்கே.

மூன்றாவது, பிழைப் பதிவேட்டை வாசியுங்கள். அநேகமாகக் காரணம் அதிலேயே இருக்கும்.

நான்காவது, பழுதான கோப்பை அழிக்காமல் பெயர் மாற்றி வைத்துவிட்டு, பழைய பிரதியை அதன் இடத்தில் வையுங்கள்.

ஐந்தாவது, விண்டோஸே திறக்காவிட்டால், சில தடவை தடைப்பட்ட பின் பழுதுபார்க்கும் திரை தானாக வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று சென்று ரீஸ்டார்ட் கொடுத்து, 4ஐ அழுத்தினால் சேஃப் மோட் கிடைக்கும். டிஸ்க் பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புத் திறப்பைக் கணினி கேட்கக்கூடும். அதை அதே கணினியில் சேமித்து வைப்பதில் பயனில்லை. கடதாசியில் எழுதி இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

வருமுன் காப்பதும் கடினமல்ல. அமைப்புக் கோப்பில் கை வைக்குமுன் திகதியிட்டு ஒரு பிரதி எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, இயங்குகிறதா என்று பார்த்த பின்பே அடுத்ததைத் தொடுங்கள். யார், என்று, எதை மாற்றினார் என்று ஒரு கொப்பியில் பதியுங்கள். கடை சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு சூரா அல்பகறாவின் 282ஆம் வசனம் நம்மைப் பணிக்கின்றது. எழுதியதைப் பாதுகாப்பதும் அந்தப் பொறுப்பைச் சேர்ந்ததே. நமது கணினியில் இருப்பது நமது இலாபக் கணக்கு மட்டுமல்ல. பிறருக்கு நாம் கொடுக்க வேண்டியதும் அதில்தான் இருக்கிறது. அது அமானிதம். இந்த வாரமே உங்கள் அமைப்புக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டறிந்து, ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.